மூடாத கதவைக் கண்ட ஆக்ஸல்ராட்

நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில், கூடை முடைந்து பிழைத்த ஒரு யூதரின் மகனாக 1912 மே 30-ம் தேதி பிறந்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1933-ல் பட்டம் பெற்று மனுப் போட்டார். எந்த மருத்துவக் கல்லூரியும் இடம் தரவில்லை. கிடைத்த உத்தியோகம், உணவில் சேர்க்கும் வைட்டமின்களைச் சோதிப்பது. அங்கே அம்மோனியா பாட்டில் வெடித்ததில் இடது கண் பழுதுபட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடின.

1946-ல் பெர்னார்ட் பிராடி என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்தபோதுதான் அவருக்கு விடிவு பிறந்தது. அசெட்டனிலைடு என்ற வலி மருந்து ரத்தத்தைக் கெடுப்பது ஏன் என்று இருவரும் ஆராய்ந்தனர். அது உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறுகிறது, வலியைத் தணிப்பது இந்தப் பாராசிட்டமால்தான் என்று 1948-ல் அறிவித்தனர். இன்று காய்ச்சலுக்கு இந்திய வீடுகளில் விழுங்கும் அதே மாத்திரை! ஆனாலும் ஆக்ஸல்ராட் டாக்டர் பட்டம் பெற்றது 1955-ல்தான். நாற்பதைத் தாண்டிய வயது.

பின்னர் பெதஸ்டாவில், அமெரிக்க அரசின் மனநல ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பெரியது. நரம்புகள் நார்அட்ரினலின் போன்ற ரசாயனப் பொருளைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன. செய்தி போய்ச் சேர்ந்தபின் அந்தப் பொருள் என்ன ஆகிறது? ஏதோ ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது என்பதே அன்றைய பொது அபிப்பிராயம். அப்படி ஒரு நொதியை 1957-ல் ஆக்ஸல்ராடே கண்டுபிடித்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு திருப்தி அடைந்திருப்பார். ஆனால் நொதிகளைத் தடுத்து நிறுத்திய பிறகும் அட்ரினலினின் வேகம் சட்டென்று அடங்கிவிட்டது. தம் நொதி முழு விடை அல்ல என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

கதிரியக்கம் ஏற்றிய நார்அட்ரினலினைப் பூனைகளுக்குச் செலுத்தினார். ரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் அது நரம்பு மிகுந்த உறுப்புகளில் வெகுநேரம் தங்கியிருந்தது. அடுத்து, ஹெர்ட்டிங் என்ற சகாவுடன் பூனையின் கழுத்தில் ஒரு பக்க நரம்பு முடிச்சை மட்டும் அகற்றினார். நரம்பு அழிந்த பக்கத்தில் மருந்து சேரவே இல்லை எனலாம். மறுபக்கத்தில் நிறையச் சேர்ந்தது. நரம்பு தான் சுரந்ததைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது! கோகெயின் இந்த உறிஞ்சும் வாசலை அடைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுத்துவந்த இமிப்ரமின் மருந்தும் அதையே செய்கிறது என்று 1961-ல் தெரியவந்தது. அம்மருந்து வேலை செய்யும் விதத்துக்கு முதல் தடயம் இதுதான். 1970-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது.

1984-ல் ஓய்வு பெற்ற பின்னும், சம்பளம் இல்லாத விருந்தினராக அதே ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தார். நார்அட்ரினலினை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தின் மரபணு 1991-ல் பிரித்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 78. இந்த வாசல் சுவரில் பதித்த கல் அல்ல என்பது அதன்பின் புலப்பட்டது. செல் தேவைக்கேற்பக் கடத்திகளை மேற்பரப்புக்கு அனுப்புகிறது. வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்கிறது. டோபமைன் கடத்தியை ஆம்ஃபெடமின் உள்ளே இழுக்கச் செய்கிறது. கோகெயினோ ஆய்வுக்கூடச் செல்களில் மேற்பரப்பில் அதைப் பெருகச் செய்தது. போதை பழக்கமாக இறுகுவதில் இந்த மாற்றத்துக்கு என்ன பங்கு என்று ஆய்வுகள் தொடர்கின்றன.

ஆக்ஸல்ராட் 2004 டிசம்பர் 29-ம் தேதி, 92-வது வயதில் மேரிலாந்தில் காலமானார்.