பி.என். ராவும் உறுப்பு 21இன் சொற்றொடரும்

மங்களூரில் 1887இல் பிறந்த பெனகல் நரசிங் ராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தவர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராகவும் விளங்கிய அவர், 1946இல் அரசியல் நிர்ணய சபையின் அரசியலமைப்பு ஆலோசகரானார். சபையில் அவருக்கு வாக்குரிமை இல்லை. எனினும் பிற நாட்டு அரசியலமைப்புகளிலிருந்து முன்மாதிரிகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு அளித்தவரும், 1947 அக்டோபரில் 243 உறுப்புகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவை ஆக்கியவரும் அவரே. பாடநூல்கள் அவரைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அம்பேத்கரோ தமது நிறைவுரையில் அவருக்குரிய பங்கை வெளிப்படையாகவே ஏற்றார்.

வரைவு முடிந்ததும் ராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். நூல்வழி அறிந்தவற்றை, அவற்றை நடைமுறையில் கையாண்டோரிடம் கேட்டுத் தெளிவதே பயணத்தின் நோக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டருடன் நிகழ்ந்த உரையாடலே அவற்றுள் பெரும் விளைவை உண்டாக்கியது. உரிய சட்டமுறை என்னும் அமெரிக்கத் தொடர், மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை ஒருசில நீதிபதிகள் தள்ளுபடி செய்ய இடமளிக்கிறது என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. தொழிலாளர் நலச் சட்டங்கள் பல அந்நாட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்ததைக் கண்டவர் அவர். நிலச் சீர்திருத்தத்தை எதிர்நோக்கிய இந்தியாவில் அவ்வச்சம் எளிதில் வேரூன்றியது. முதலில் அமெரிக்கத் தொடரை விரும்பிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மனம் மாறினார். வரைவுக் குழு அத்தொடரை நீக்கி, ஜப்பானிய அரசியலமைப்பின் 31ஆம் உறுப்பைப் பின்பற்றி, சட்டத்தினால் நிறுவப்பட்ட நெறிமுறை என்பதை வைத்தது.

இம்மாற்றத்தில் மறைந்தது உரிய என்னும் அடைச்சொல். நெறிமுறையின் தகுதியை அளக்கும் கோல் அதனுள்தான் இருந்தது. ஜப்பானிலும் அது இல்லையே எனலாம். ஆனால் அங்கு, தக்க காரணமின்றி எவரையும் காவலில் வைக்கலாகாது என்றும், கேட்கப்பட்டால் அக்காரணத்தை உடனே திறந்த நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்றும் 34ஆம் உறுப்பு காவல் நின்றது. இந்தியா தொடரை எடுத்துக்கொண்டு அதன் துணையை விட்டுவிட்டது. தடுப்புக் காவலுக்கும் இடமளித்தது. உறுப்பினர்களின் எதிர்ப்பால் பின்னர்ச் சேர்ந்த உறுப்பு 22இன் பாதுகாப்பும் தடுப்புக் காவலில் இருந்தோருக்குக் குறைவாகவே கிட்டியது.

குடியரசான சில மாதங்களிலேயே இதன் விளைவு தெரிந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் வகுத்த நெறிமுறை நியாயமானதா என ஆராய இயலாது என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை முடிவு செய்தது. நீதிபதி பசல் அலி மாறுபட்டார். ராவ் அப்போது ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியப் பிரதிநிதி. பின்னர்ப் பன்னாட்டு நீதிமன்ற நீதிபதியாகி, 1953 நவம்பரில் சூரிச்சில் காலமானார். அந்நெறிமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் 1978இல் கூறியது; உறுப்பு 21இன் வாசகம் மட்டும் மாறவில்லை.