உலகம் இன்னும் திணறும் கணக்கு!
கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளையின் வரலாறு

குமராட்சி பக்கத்து மக்களுக்குச் சிதம்பரம்தான் பட்டணம். அந்தச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டில், கணித ஆசிரியராக 28 வயது இளைஞர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். 12 ஆண்டுகள் இருந்தார். உலகக் கணித மேதைகள் திரும்பிப் பார்க்கும்படியான காரியத்தை அங்கே இருந்தபடியே செய்து முடித்தார்.

அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901 ஏப்ரல் 5-ந் தேதி, குற்றாலத்துக்கு அருகே வல்லம் என்ற ஊரில் அவர் பிறந்தார். மறு ஆண்டே தாயார் காலமானார். செங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பனாரும் போய்விட்டார். படிப்பு அதோடு நின்றிருக்கும். ஆனால் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் விடவில்லை. தம்முடைய சொற்பச் சம்பளத்தில் இருந்து பணம் கொடுத்துப் பையனைப் படிக்க வைத்தார். அந்த உபாத்தியாயர் இல்லாவிட்டால் இந்த வரலாறே இல்லை!

பிறகு நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பு. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ஆனார். கேம்பிரிட்ஜில் ராமானுஜத்தின் நண்பராக இருந்த பேராசிரியர் ஆனந்த ராவ் அவருக்கு வழிகாட்டினார்.

எத்தனை வேண்டும்?

பிள்ளை எடுத்துக்கொண்ட கணக்கு என்ன?

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். 1, 4, 9, 16 இவையெல்லாம் வர்க்கங்கள். எந்த எண்ணைச் சொன்னாலும், அதிகம் போனால் 4 வர்க்கங்களைக் கூட்டி அதைக் கொண்டுவந்துவிடலாம். 7 என்றால், 4-ம் மூன்று 1-ம். இன்னொரு தடவை பெருக்கினால் கனம்: 1, 8, 27. அதற்கு 9 போதும். 23-ஐக் கூட்டிப் பாருங்கள். இரண்டு 8, ஏழு 1. மொத்தம் 9!

இப்படியே மேலே போனால் எத்தனை எத்தனை வேண்டும்? 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிவிட்ட கேள்வி இது.

1936-ல் பிள்ளை பதில் சொன்னார். ஏழாம் படிக்கும் அதற்கு மேலும், ஒரு நிபந்தனையோடு, ஒரே சூத்திரம் கண்டுபிடித்தார். அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்சன் என்ற பேராசிரியரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். சிக்காகோ எங்கே, சிதம்பரம் எங்கே!

ஆறாம் படி முரண்டு பிடித்தது. 1940-ல் அதையும் பிள்ளை அடக்கினார். விடை 73. 703 என்ற எண்ணுக்குப் பத்து 64-ம், அறுபத்து மூன்று 1-ம் தேவை. அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவை இல்லை என்று நிரூபித்தார்.

6 வருமா, வராதா?

1941-ல் திருவிதாங்கூர் சென்றார். அடுத்த ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது.

வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட படி எண்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே வரிசையில் நிறுத்தினார். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசங்கள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4. எந்த வித்தியாசமும் சில தடவைதான் வரும், முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்று பிள்ளை கருதினார். அதை நிரூபிக்க அவருக்கு ஆயுள் இல்லை.

1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கழகம் அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் கூடியது. பம்பாயில் இருந்து விமானம் ஏறினார். ஆகஸ்டு 31-ந் தேதி கெய்ரோ அருகே விமானம் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். அவருக்கு வயது 49. மாநாடு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது.

முழு எண் சமன்பாடு எதைக் கொடுத்தாலும், விடை உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொது வழி ஒன்று வேண்டும் என்று ஜெர்மானிய மேதை ஹில்பர்ட் 1900-ல் கேட்டிருந்தார். அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்று 1970-ல் ரஷ்ய இளைஞர் மதியசேவிச், அமெரிக்கர் மூவரின் வேலையைத் தொடர்ந்து நிரூபித்தார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கிடையாது. பிள்ளை விட்டுச்சென்ற பூட்டுக்குத் தனிச் சாவிதான் தேடவேண்டும்.

2002-ல் ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு ஒரு படி ஏறினார். வித்தியாசம் 1 உள்ள ஜோடி 8-ம் 9-ம் மட்டுமே என்று காட்டினார். வித்தியாசம் 2-க்கு 25, 27 இருக்கிறது. வேறு உண்டா? முடிவாகவில்லை. வித்தியாசம் 6-க்கோ ஒரு ஜோடிகூட அகப்படவில்லை. அகப்படவே அகப்படாது என்று நிரூபித்தவரும் இல்லை.