சாம் குக்: பாட்டுக்குச் சொந்தக்காரன்

நண்பர்களே, ஒரு கேள்வி. ஒருவர் பாட்டு எழுதுகிறார், மெட்டுப் போடுகிறார், தானே பாடவும் செய்கிறார். அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? அவருக்குத்தான் என்று நாம் பட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் 1950களின் அமெரிக்காவில், அதுவும் பாடியவர் கறுப்பராக இருந்தால், விடை அவ்வளவு சுலபம் இல்லை. கைதட்டல் அவருக்கு, கல்லாப்பெட்டி வேறொருவருக்கு! இந்தக் கணக்கைத் திருத்தி எழுதப் பார்த்தவர்தான் சாம் குக். 'சோல்' இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். வாழ்ந்தது வெறும் 33 வருஷம்தான்.

பாதிரியார் மகன்

1931 ஜனவரி 22-ல் மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில் சாம் பிறந்தார். அப்பா சார்லஸ் குக் ஒரு பாதிரியார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பருத்திக்காட்டு வேலையும் நிறவெறியும் மட்டுமே மிஞ்சியிருந்த தெற்கை விட்டு ஆயிரக்கணக்கான கறுப்பர் குடும்பங்கள் வடக்கே கிளம்பிய காலம் அது. குக் குடும்பமும் 1933-ல் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணன், அக்கா, தம்பிகளோடு சேர்ந்து சர்ச்சுகளில் பாடிப் பழகிய பையன், பள்ளிக்கூட நாளிலேயே 'ஹைவே கியூ.சி.ஸ்' என்ற குழுவில் சேர்ந்தான். பெரிய வாய்ப்பு 1950 கடைசியில் வந்தது. அமெரிக்கா முழுக்கப் பேர் பெற்ற 'சோல் ஸ்டிரர்ஸ்' பக்திக் குழுவிலிருந்து அதன் நட்சத்திரப் பாடகர் ஆர்.எச்.ஹாரிஸ் விலகினார். அந்த இடத்துக்கு இருபது வயதுகூட நிரம்பாத சாமைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், சீனியர் விட்டுப்போன இடத்தில் முதல் வருஷப் பையன் நின்றால் எப்படி இருக்கும்?

முதலில் ஹாரிஸ் மாதிரியே உச்சத்தில் கத்திப் பாடப் பார்த்தார். தொண்டை ஒத்துழைக்கவில்லை. எட்டாத ஸ்வரத்தை முட்டி மோதிப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் அடியில் வழுக்கி, வளைத்து, ஒரே எழுத்தைப் பல ஸ்வரங்களில் உருட்டிவிட்டார். அந்த 'வோ... ஓ... ஓ' தான் பிறகு அவருடைய முத்திரை ஆயிற்று. இல்லாததை நினைத்து அழாமல் இருப்பதை வைத்து வழி கண்டார், பாருங்க!

1951-ல் ஸ்பெஷால்டி கம்பெனிக்காக அவர் பாடிய 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்' நன்றாக விற்றது. சர்ச்சுக்கு இளவட்டங்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

கோயிலை விட்டுக் காதலுக்கு

அந்தக் காலத்தில் பக்திப் பாடகர் காதல் பாட்டுப் பாடுவது பெரும் பாவம். சர்ச் மக்கள் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் 1956-ல் முதல் காதல் பாட்டான 'லவபிளை' டேல் குக் என்ற பொய்ப் பெயரில் பாடினார். குரலை மறைக்க முடியுமா? ஜனங்கள் கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1957-ல் துணிந்து இறங்கினார். தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் ஏற்பாட்டில் ரெக்கார்டிங் நடந்துகொண்டிருந்தபோது ஸ்பெஷால்டி முதலாளி ஆர்ட் ரூப் உள்ளே வந்தார். வெள்ளைக்காரக் கோரஸ் பாடகர்களைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பக்திப்பாட்டு வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்களே என்ற பயம்! சண்டை முற்றியது. தனக்கு வரவேண்டிய ராயல்டிக்குப் பதிலாக ஒலிநாடாக்களை வாங்கிக்கொண்டு பிளாக்வெல் வெளியேறினார். கூடவே சாமும்.

கீன் என்ற புதுக் கம்பெனி அதை வெளியிட்டது. இசைத்தட்டின் முதல் பக்கம் என்று நினைத்தது 'சம்மர்டைம்' பாட்டை. ரேடியோக்காரர்களோ தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்தில் இருந்ததுதான் 'யூ சென்ட் மீ'. பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, கறுப்பர் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் முதலிடம்! குக் என்ற பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில 'ஈ' எழுத்து சேர்ந்ததும் அப்போதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. பாட்டை எழுதியது சாம். தட்டில் போட்டிருந்த பெயரோ தம்பி எல்.சி.குக். ஏன்? சாம் பெயரில் போட்டால் வெளியீட்டு உரிமை ரூப் கைக்குப் போய்விடும். பாட்டின் உரிமை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

உரிமைக் கணக்கு

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு இசைத்தட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு, அதாவது எழுத்தும் மெட்டும். இன்னொன்று ஒலிப்பதிவு. நம்ம பாஷையில் சொன்னால் ஒன்று டிராயிங், மற்றது அதை வைத்துச் செய்த மெஷின். அந்தப் பாட்டை யார் பாடி விற்றாலும் டிராயிங் வைத்திருப்பவருக்குக் காசு வரும். அன்றைய பாடகர்கள் பலர் கையில் கிடைத்த பணத்துக்கு இரண்டையும் எழுதிக்கொடுத்துவிட்டு, வயதான காலத்தில் கஷ்டப்பட்டார்கள்.

சாம் அப்படி விடவில்லை. நண்பர் ஜே.டபிள்யூ.அலெக்சாண்டருடன் சேர்ந்து 'காக்ஸ் மியூசிக்' என்ற வெளியீட்டு நிறுவனத்தை நடத்தினார். 1959-ல் 'எஸ்.ஏ.ஆர்.' என்ற சொந்த ரெக்கார்டு கம்பெனி. கறுப்பர் இசையை விற்ற கம்பெனிகள் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்த காலத்தில், பாடகரே முதலாளி! தன் பழைய சோல் ஸ்டிரர்ஸ் குழுவுக்கும், ஜானி டெய்லருக்கும், பாபி வோமாக்கின் சகோதரர் குழுவான வாலன்டினோஸுக்கும் அங்கே இடம் கொடுத்தார். வாலன்டினோஸ் 1964-ல் பாடிய 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடினார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நம்பர் ஒன் அதுதான்.

1960-ல் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்தார். சாலையில் சங்கிலிக் கைதிகள் வேலை செய்ததைப் பார்த்துப் பிறந்த 'செயின் கேங்' இரண்டாமிடம் வரை போனது. 'கியூபிட்', 'ட்விஸ்டின் தி நைட் அவே', 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' என்று வரிசையாக வெற்றிகள்.

மூடிய கதவு

பட்டியலில் முதலிடம் பிடித்தவருக்கு ஓட்டலில் ரூம் கிடைத்ததா? அங்கேதான் கதை மாறுகிறது. தெற்கே கச்சேரி என்றால் கறுப்பர்கள் ஒரு மூலை, வெள்ளையர்கள் ஒரு பக்கம். 1961-ல் மெம்பிசில் அப்படிப் பிரித்து உட்காரவைத்தபோது, பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வருமானம் போனாலும் போகட்டும் என்ற முடிவு.

1963 அவருக்குக் கொடிய வருஷம். ஜூனில் ஒன்றரை வயது மகன் வின்சென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தான். அக்டோபர் 8-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்கூட்டியே ரூம் சொல்லிவைத்திருந்த ஹாலிடே இன் ஓட்டலுக்கு மனைவியோடும் குழுவோடும் போய் இறங்கினார். ஆளைப் பார்த்ததும் ரூம் இல்லை என்றார்கள். விடமாட்டேன் என்று சத்தம் போட்டார். மனைவி பயந்துபோய் இழுத்துக்கொண்டு போனார். வேறு விடுதிக்குப் போனால் அங்கே போலீஸ் காத்திருந்தது. அமைதியைக் குலைத்ததாகக் கைது! (அந்த நகரத்தின் மேயர் 2019-ல் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.)

அதே வருஷம் பாப் டிலன் எழுதிய 'ப்ளோயிங் இன் தி விண்ட்' பாட்டை சாம் கேட்டிருந்தார். ஒரு வெள்ளைக்கார இளைஞன் இப்படி எழுதும்போது, அடிபட்ட நாம் எழுதவில்லையே என்ற எண்ணம் அவரைக் குடைந்தது. பிறந்தது 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்'. மாற்றம் வரும் என்று அர்த்தம். 1964 ஜனவரி 30-ல் ரெனே ஹாலின் இசையமைப்பில் பதிவானது. வயலின்கள், பிரெஞ்சு ஹார்ன், பெரிய முரசு எல்லாம் சேர்ந்து சினிமாப் படம் மாதிரி விரிகிற பாட்டு. பிப்ரவரி 7-ல் 'டுநைட் ஷோ' டி.வி. நிகழ்ச்சியில் பாடினார். அந்த டேப்பை யாரும் பத்திரப்படுத்தவில்லை. இரண்டே நாளில் பீட்டில்ஸ் அமெரிக்க டி.வி.யில் தோன்ற, நாடே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த மாதம் 25-ம் தேதி மயாமியில் காசியஸ் கிளே, அதாவது பின்னாளைய முகமது அலி, உலக சாம்பியன் ஆனார். ஜெயித்த கையோடு கூட்டத்திலிருந்த நண்பர் சாமை மேடைக்கு அழைத்தார். ஜூலை 2-ல் ஓட்டல்களில் நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. மூடிய கதவு சட்டப்படி திறந்தது.

ஆனால் சாமுக்கு அதை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1964 டிசம்பர் 11-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹசியெண்டா மோட்டலில் நடந்த தகராறில், விடுதிப் பெண் மேலாளர் சுட்டதில் இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டதாக விசாரணையில் முடிவு செய்தார்கள். குடும்பத்தாரும் நண்பர்களும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சிகாகோவில் குளிரையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

பாட்டு மட்டும் நின்றது

அவர் போன பதினோராம் நாள் 'ஷேக்' தட்டின் மறுபக்கமாக 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' கடைக்கு வந்தது. குடியுரிமைப் போராட்டக்காரர்கள் அதைத் தங்கள் கீதமாக ஆக்கிக்கொண்டார்கள். ஓடிஸ் ரெட்டிங் 1965-லேயே பாடினார். 2007-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாகச் சேர்த்தது. ஒபாமா பதவியேற்பையொட்டி 2009-ல் நடந்த கச்சேரியிலும் அது ஒலித்தது.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. 1963-ல் சாம் தன் கணக்குகளைப் பார்த்துக்கொள்ள நியமித்த அலன் க்ளைனின் கம்பெனி கைக்குத்தான் காலப்போக்கில் அந்தப் பாட்டுகளின் உரிமை போய்ச் சேர்ந்தது. இவ்வளவு உஷாராக இருந்தவருக்கே இந்த நிலைமை!

ஆகவே நண்பர்களே, நாளைக்கு வேலைக்குப் போவோம், ஏதாவது ஒன்றை உருவாக்குவோம். கையெழுத்துப் போடும் முன் தாளை முழுசாகப் படியுங்கள். மூடிய கதவு முன்னால் நிற்க நேர்ந்தால் சாமைப் போல ஒருமுறை சத்தமாகத் தட்டுங்கள். நேரம் கிடைத்தால் அந்தப் பாட்டையும் கேட்டுப் பாருங்க. பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குரல் புரியும்.