மாலை யாருக்கு?



காலபோக நெல் முற்றி அரிவுக்குக் காத்திருக்கையில் அடைமழை பெய்தால் வன்னி உழவரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மழை நல்லதே, காலந்தவறினால் விளைந்ததை அது அழித்துவிடும். மதியீனருக்கு அளிக்கப்படும் மதிப்பும் அத்தகையதே என நீதிமொழிகள் நூலின் 26ஆம் அதிகாரம் உணர்த்துகின்றது. ஏன்? ஒருவரை நாம் மதிக்கும்போது அவருடைய சொல்லுக்கும் வலிமை அளிக்கின்றோம். புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதற்குச் சான்று.

1651இல் கோவாவில் பிறந்த அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்தனர். மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சுரூபத்தோடு வன்னிக் காட்டுக்குள் அடைக்கலம் தேடிய மக்களே மடுப்பதியின் தொடக்கம் என்பது நம் மரபு. குருக்களின்றித் தவித்த அம்மக்களுக்காகவே அடிகளார் கடல் கடந்தார்.

1692இல் அவர் கண்டிக்குச் சென்றார். அங்கே அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று அறிவித்தார். சொல் பொய்யானது, சொன்னவருக்கோ மதிப்பு இருந்தது. எனவே குற்றமற்றவர் சிறைப்பட்டார். அடிகளார் எவரையும் பழிக்கவில்லை. சிறையிலேயே சிங்களம் கற்றார், செபித்தார். காலப்போக்கில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய தூய வாழ்வைக் கண்டு விடுதலை அளித்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உற்றாராலும் கைவிடப்பட்டோரை அடிகளார் தம் கைகளால் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். மன்னனின் மதிப்பு அப்போது தகுந்த இடத்தைச் சேர்ந்திருந்தது.

அடிகளாரோ மதிப்பைத் தேடவில்லை. ஆயர் பொறுப்பு தம்மைத் தேடி வந்தபோதும் பணிவோடு மறுத்தார். 1711 சனவரி 16இல் கண்டியில் இறையடி சேர்ந்தார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்றே மடுத் திருத்தலத்தையும் தரிசித்தார்.

அன்புக்குரியவர்களே, நம் திருவிழா மேடைகளில் யாருக்கு மாலை அணிவிக்கின்றோம்? பணத்தையும் உரத்த குரலையும் பார்த்தா, இறையச்சத்தையும் உழைப்பையும் பார்த்தா? நம் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கின்றனர். நாம் மாலையிட்டவரைப் போலவே வாழ விரும்புவர். மதியீனரை அன்பு செய்வோம், திருந்த மன்றாடுவோம். ஆனால் வழிகாட்டியின் இருக்கையில் அவரை அமர்த்த வேண்டாம். கவணில் கல்லைக் கட்டிவைத்துச் சுழற்றினால் அது குருவியை விரட்டாது, சுழற்றியவரையே தாக்கும்.

இன்றிரவு குடும்பச் செபத்தில், ஓசையின்றி நன்மை செய்யும் ஒருவரின் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுங்கள். புனித யோசப் வாஸ் அடிகளார் நமக்காக மன்றாடுவாராக.