மாமியாரைக் கைவிடாத ரூத்

பெத்லகேமில் ஒரு முறை கடும் பஞ்சம் வந்தது. எலிமெலேக்கு என்பவர் மனைவி நகோமியோடும் 2 மகன்களோடும் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போனார். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த நாடு அது. பைபிளில் ரூத்தின் கதை இப்படித் தொடங்குகிறது.

போன இடத்தில் எலிமெலேக்கு இறந்தார். மகன்கள் மோவாப் பெண்களை மணந்தார்கள். ஒருத்தி ரூத். மற்றவள் ஒர்பாள். சுமார் 10 ஆண்டுகளில் மகன்களும் பிள்ளை இல்லாமல் இறந்தார்கள். ஒரே வீட்டில் 3 விதவைகள்!

பிரிய மறுத்தாள்

நகோமி ஊர் திரும்பப் புறப்பட்டாள். மருமகள்களைத் தாய் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அதற்குக் காரணம் உண்டு. ஒருவன் பிள்ளை இல்லாமல் இறந்தால், அவனுடன் பிறந்தவன் அந்த விதவையை மணக்க வேண்டும். முதலில் பிறக்கும் மகன் இறந்தவனின் பெயருக்கு வாரிசு ஆவான். இது எபிரேயர் சட்டம். நகோமிக்கோ வேறு மகன் இல்லை.

ஒர்பாள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். ரூத் போகவில்லை. மாமியாரின் ஊரே தன் ஊர் என்று கூடவே நடந்தாள்.

கதிர் பொறுக்கினாள்

பெத்லகேமில் அப்போது வாற்கோதுமை அறுவடை. அறுப்பவர்கள் சிந்தும் கதிர்களை ஏழைகளும் அயல்நாட்டாரும் பொறுக்கிக்கொள்ளலாம். ரூத் பகல் முழுதும் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டாள்.

அந்த வயல் போவாஸ் என்பவருடையது. அவர் எலிமெலேக்கின் உறவினர். இது தெரிந்ததும் நகோமி ஒரு வழி சொன்னாள். அதன்படி ரூத் இரவில் களத்துக்குப் போனாள். நெருங்கிய உறவினர் என்ற முறையில் தன்னை மணக்கும்படி போவாஸிடம் கேட்டாள்.

கழற்றிய செருப்பு

போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். முதல் உரிமை அவருக்கே. மறுநாள் காலை ஊர் வாசலில் 10 பெரியவர்கள் முன்னிலையில் போவாஸ் பேச்சை எடுத்தார். எலிமெலேக்கின் நிலத்தை வாங்க அந்த உறவினர் சம்மதித்தார். ரூத்தையும் மணக்க வேண்டும் என்றதும், தன் சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கினார். செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையைக் கைவிட்டார்.

போவாஸ் ரூத்தை மணந்தார். ஓபேத் என்ற மகன் பிறந்தான். வெறுங்கையோடு ஊர் திரும்பிய நகோமி பேரனை மடியில் வைத்து வளர்த்தாள்.

கடமைப்பட்ட உறவினர் ஒதுங்கிக்கொண்டார். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத அயல்நாட்டு மருமகளோ குடும்பத்தைக் காத்தாள். ஓபேத்தின் பேரனே தாவீது அரசர்!