எர்வின் ஃபிரிங்க் ஸ்மித்

எர்வின் ஃபிரிங்க் ஸ்மித் (ஜனவரி 21, 1854 – ஏப்ரல் 6, 1927) அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் ஆவார். பாக்டீரியாக்கள் செடிகளிலும் நோயை உண்டாக்கும் என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தில் பிறந்து மிச்சிகனில் வளர்ந்தார். வறுமையால் கல்வி தாமதப்பட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 26. ஆயினும் 1881 இலேயே சார்லஸ் வீலருடன் இணைந்து மிச்சிகன் தாவரங்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1886 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்து, இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

ஃபிஷருடன் விவாதம்

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாடச் செய்யும் பாக்டீரியத்தை ஸ்மித் 1896 இல் விவரித்தார். இந்திய உழவர்களும் நன்கறிந்த வாடல் நோய் இது. மறு ஆண்டே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பிரெட் ஃபிஷர் இத்தகைய முடிவுகளை மறுத்தார். செல்லுலோசுச் சுவரால் மூடப்பட்ட நலமான செல்லுக்குள் பாக்டீரியாக்கள் புக இயலாது, இறந்த திசுவிலேயே அவை பெருகுகின்றன என்பது அவர் வாதம். அக்காலத்தில் தாவரவியலில் ஜெர்மானியர் கூற்றுக்கே மதிப்பு மிகுதி. ஸ்மித் 1901 வரை அவர்களின் ஆய்விதழிலேயே மறுப்புகளை எழுதி, திசுச் சீவல்களின் நுண்ணோக்கிப் படங்களையும் சான்றாக வைத்தார். விவாதம் அவர் பக்கம் முடிந்தது. எனினும் சுவரைக் கடப்பது எவ்வாறு என்ற ஃபிஷரின் ஐயம் பொருளற்றதன்று.

பிற பணிகள்

1907 இல் சார்லஸ் டவுன்சென்டுடன் சேர்ந்து, செடிகளில் கழலையை உண்டாக்கும் பாக்டீரியத்தைக் கண்டறிந்தார். பெண்களுக்கு ஆய்வகங்கள் எளிதில் திறவாத காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பணியமர்த்தினார். நெல்லி பிரவுன், புளோரன்ஸ் ஹெட்ஜஸ் முதலியோர் தம் பெயரிலேயே ஆய்வுகளை வெளியிட்டனர்.

பெயரும் மரபணுத்தொகுதியும்

காய்கறிகளை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களை உள்ளடக்கிய எர்வினியா என்னும் பேரினம் அவரைச் சிறப்பிக்கும் வகையில் பெயரிடப்பட்டது. வாடல் நோய்ப் பாக்டீரியத்தின் மரபணுத்தொகுதி 2002 இல் வெளியானது. ஏறத்தாழ 58 லட்சம் இணைகள் கொண்ட அதில் செல்லுலோசையும் பெக்டினையும் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் காணப்பட்டன. உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் பாக்டீரியத்தின் மரபணுத்தொகுதி 2004 இல் வெளியாயிற்று. அதில் இத்தகைய மரபணுக்கள் ஏராளம். சுவரைக் கடக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று. அழுகல் பாக்டீரியாக்கள் பின்னர் பெக்டோபாக்டீரியம், டிக்கியா ஆகிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. எர்வினியாவிலேயே எஞ்சிய ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகல் பாக்டீரியத்திடம் இந்நொதிகள் மிகக் குறைவு.