மீசை வைத்த அம்மா

குஜராத்தில் பவநகர் பக்கம் ஒரு மனிதரை மூச்சாளி மா என்று அழைத்தார்கள். மீசை வைத்த அம்மா என்று அதற்குப் பொருள். வக்கீல் தொழிலை உதறிவிட்டு வந்து, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து கதை சொன்ன கிஜுபாய் பதேகாதான் அவர். அவர் மறைந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய காக்கைக் கதையையும் கத்தரிக்காய்க் கதையையும் கேட்காமல் வளர்ந்த குஜராத்திப் பிள்ளைகள் மிகக் குறைவு.

கப்பலேறினார்

கிஜுபாயின் முழுப் பெயர் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா. 1885-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி சவுராஷ்டிரத்தில் சித்தல் என்ற ஊரில் பிறந்தார். வல்லபிபூரில் ஆரம்பப் படிப்பு. மெட்ரிகுலேஷன் தேறி, பவநகரில் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜி ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு விலகிய அதே கல்லூரிதான். கிஜுபாயும் அங்கே படிப்பை முடிக்கவில்லை. பிழைப்பைத் தேடி 1907-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஊர் விட்டு ஊர் போய், பாஷை தெரியாத இடத்தில் சொந்தக் காலில் நிற்பது எப்படி என்பதை இளம் வயதிலேயே அனுபவித்துப் பார்த்தவர் அவர்.

சில ஆண்டுகளில் திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்தார். பிறகு வாத்வான் கேம்ப் என்ற ஊரில் வக்கீலாகத் தொழில் நடத்தினார். இன்று சுரேந்திரநகர் என்று ரெயில்வே போர்டில் இருப்பது அந்த ஊர்தான். தொழில் நன்றாகவே நடந்தது.

1913-ல் மகன் பிறந்தான். அங்கேதான் திருப்பம். இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. அந்நாளைய திண்ணைப் பள்ளியும் சர்க்கார் பள்ளியும் பிரம்பையும் மனப்பாடத்தையும் நம்பி நடந்தவை. தன் மகனை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அப்போது இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் குழந்தைக் கல்வி முறையைப் பற்றிய நூல்கள் அவர் கைக்கு வந்தன. கேஸ் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றைப் படித்தார்.

எல்லாத் தகப்பனுக்கும் வரும் கவலைதான். பெரும்பாலோர் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். கிஜுபாய் மறக்கவில்லை. நானாபாய் பட் என்ற பேராசிரியர் பவநகரில் 1910-ல் தொடங்கிய தட்சிணாமூர்த்தி மாணவர் விடுதியில் 1916-ல் போய்ச் சேர்ந்தார். வக்கீல் வருமானம் அத்தோடு போயிற்று. அங்கே பெரிய பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை நடத்திப் பார்த்தபோது, பயமும் சோம்பலும் அவர்களிடம் ஏற்கெனவே ஊறிவிட்டதைக் கண்டார். அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1920-ல் பால மந்திர் பிறந்தது. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி அது. தக்தேஸ்வர் குன்றருகே அதற்குக் கட்டிய கட்டடத்தை 1922-ல் கஸ்தூர்பா திறந்துவைத்தார்.

பெட்டிக்குள் அடங்காத சொற்கள்

மாண்டிசோரி முறையில் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்க ஓர் அருமையான வழி உண்டு. பொருளைப் பிள்ளையின் கையில் கொடுத்து அதன் பெயரைச் சொல்வார்கள். அடுத்து, பெயரைச் சொல்லி அந்தப் பொருளை எடுத்துத் தரச் சொல்வார்கள். கடைசியாகப் பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்பார்கள். சொரசொரப்பு, வழவழப்பு, தடிமன், மெலிவு எல்லாம் இப்படிக் கை வழியாகவே மனதில் ஏறிவிடும்.

ஆனால் பொறாமை, தந்திரம், அலட்சியம், ஏமாற்றம் இவற்றையெல்லாம் எந்தப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுப்பது? அதற்குக் கதைதான் வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மாயக்கதைகள் சொல்வதில் மாண்டிசோரி அம்மையாருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அவரைக் குருவாகக் கொண்ட கிஜுபாய் இந்த ஒரு விஷயத்தில் குருவைப் பின்பற்றவில்லை. கதை, நாட்டுப்பாடல், நாடகம் மூன்றையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார்.

அவர் எழுதிய கதைகளில் ஆனந்தக் காக்கை என்று ஒன்று. ராஜா ஒரு காக்கை மேல் கோபம் கொண்டு அதைச் சேற்றில் தள்ளச் சொல்கிறார். காக்கை அழவில்லை. சேற்றில் வழுக்கி விளையாடக் கற்கிறேன் என்று பாடுகிறது. கிணற்றில் போடுகிறார்கள். நீந்தக் கற்கிறதாம். முள்ளில் போட்டால் காது குத்திக்கொள்கிறதாம். எண்ணெயில் போட்டாலும் வெல்லத்தில் போட்டாலும் அதற்குக் கொண்டாட்டம்தான். கடைசியில் ராஜா சலித்துப்போய் விட்டுவிடுகிறார்.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சேறு என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் காக்கை அதில் விழுந்து வழுக்குகிறதே, அப்போதே தெரிந்துவிடுகிறது. அர்த்தம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டு ஒன்றே, ஒவ்வொரு முறையும் இடம் மட்டும் மாறுகிறது. அதனால் புதுச் சொல் தனியாக எடுப்பாக நிற்கிறது. மூன்றாவது தடவை வருவதற்குள் சொல்பவரை முந்திக்கொண்டு பிள்ளையே பாடிவிடும்.

தலா தரவாடி கதையும் அப்படியே. இந்தப் பிராமணர் கத்தரித் தோட்டத்தைப் பார்த்தே அனுமதி கேட்பார். தோட்டத்துக்குப் பதிலாகத் தாமே எடுத்துக்கொள்ளும்படி பதிலும் சொல்லிக்கொள்வார். தோட்டக்காரன் பிடித்து, அதே பாணியில் கிணற்றைக் கேட்டு, கிணற்றுக்காகத் தானே பதில் சொல்லி, அவரைத் தண்ணீரில் முக்கி எடுப்பான். தந்திரம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்த அகராதி சொல்லும்?

இவை பெரும்பாலும் கத்தியவார் கிராமங்களில் பாட்டிமார் சொன்ன கதைகள். கிஜுபாய் அவற்றைப் பேச்சு நடையிலேயே எழுதினார். பண்டிதர் மொழியாக மாற்றவில்லை. பாட்டி ஊரில், பேரன் பட்டணத்தில் என்று குடும்பம் பிரிந்து கிடக்கும்போது இந்த அச்சுப் புத்தகங்களின் அருமை தெரியும். கதை சொல்வது பற்றியே வார்த்தானும் சாஸ்திரம் என்று தனி நூலும் செய்தார். கதை முதலில் மகிழ்ச்சிக்காக. நீதியை வாலாகக் கட்டித் தொங்கவிடக் கூடாது என்பது அவர் கட்சி.

பகல் கனவு

இதையெல்லாம் சாதாரண சர்க்கார் பள்ளியில் செய்ய முடியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பதிலாக அவர் எழுதியதுதான் திவாஸ்வப்னம். கற்பனைக் கதைதான். ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டு வாங்குகிறார். முதல் நாள் ஒரே கூச்சல், தோல்வி. மறுநாள் கதை ஆரம்பிக்கிறார். வகுப்பு அடங்கிவிடுகிறது. மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கான காசில் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பிலேயே நூல்நிலையம் வைக்கிறார். கேட்டுக் கேட்டுச் சொற்கள் பழகிய பிள்ளைகளுக்கு, அச்சில் அவற்றைச் சந்திக்கும்போது பயம் இல்லை. மற்ற ஆசிரியர்களின் கேலி, மேலதிகாரியின் சந்தேகம், பெற்றோரின் முணுமுணுப்பு எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. வெற்றியை மட்டும் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

1930 சத்தியாகிரகத்தின்போது பிள்ளைகளைத் திரட்டி வானர சேனை நடத்தினார். பெரியவர்களுக்கு எழுத்தறிவு என்றும் அலைந்தார். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். உடம்பைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை.

20 ஆண்டு உழைத்த தட்சிணாமூர்த்தியை விட்டு 1936-ல் வெளியேறினார். ராஜ்கோட்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். அது வேரூன்றும் முன்பே, 1939-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி, தாம் சட்டம் படித்த அதே பம்பாயில் காலமானார். அப்போது வயது 53.

அவருடன் ஒன்பது ஆண்டு பவநகரில் வேலை செய்த தாராபாய் மோடக் பின்னர் பம்பாய்க்கு வடக்கே போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட் குன்றிலும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார். அங்கன்வாடி என்ற பெயர் அங்கேதான் வழக்குக்கு வந்தது.

திவாஸ்வப்னம் பகல் கனவு என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய புத்தகம்தான்.